மலைப் புதிரில் மிச்சம் வைக்காதவள்

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது எல்லாம் பெரிய மருமகள்தான். வார இதழின் குறுக்கெழுத்துப் புதிர் மட்டும் ஞாயிறுதோறும் வந்துபோகும் சின்ன மருமகளுக்கு உரியதாகிவிட்டது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள், கட்டிலோரம் உட்கார்ந்து குறிப்பை வாசிப்பாள். அவர் கோணிய வாயால் தடுமாறி விடை சொல்வார். வாரமெல்லாம் ‘ம்’ கொட்டுகிற மனிதர் அன்று மட்டும் வார்த்தையாகப் பேசுவார், சிரிப்பார். அவருக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

அந்தச் சிரிப்பு சமையலறை வரை கேட்கும். பெரியவளுக்கு வயிறு எரியும். ‘இடுப்பொடிய உழைக்கிறது நான், பல்லைக் காட்டுறது அவகிட்டயா?’

இந்த வாரப் புதிருக்கு ‘மலைகளும் காவலர்களும்’ என்று தலைப்பு. சனிக்கிழமை சாயங்காலம் பெரியவள் பேனாவோடு உட்கார்ந்தாள். கயிலையின் வாயிற்காவலர், நந்தி. பாற்கடலுக்கு மத்தான மலை, மந்தரம். பறம்பு மலையைக் காத்து நின்ற வள்ளல், பாரி. ஒரு கட்டம் மிச்சமில்லாமல் நிரப்பி, இதழைத் தலையணை அருகே வைத்தாள். நாளைக்கு வந்து எதை வாசிப்பாளாம்?

மறுநாள் மாமனார் ஒற்றைக் கையால் பக்கத்தைப் புரட்டினார். முகம் வாடியது.

“யாரு?”

அப்போதுதான் உள்ளே வந்த சின்னவள் எட்டிப் பார்த்தாள். கையெழுத்து தெரிந்ததுதான். ஓரகத்தியின் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“நான்தான் மாமா அக்காவை எழுதி வைக்கச் சொன்னேன். இன்னைக்குச் சீக்கிரம் போகணும்.”

“போ,” என்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடவுள் சில சமயம் நாம் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்துவிடுகிறார். பெரியவளால் அதை விழுங்க முடியவில்லை. சமையலறைக்குள் சின்னவளின் கையைப் பிடித்தாள்.

“எதுக்குடி பழியை நீ ஏத்துக்கிட்ட?”

“என்மேல கோவம்னா அடுத்த வாரம் ஆறிடும்க்கா. உங்கமேல கோவம்னா உங்க கையால சாப்பிடமாட்டாரு. அப்புறம் யாருக்குப் பட்டினி?”

பெரியவள் தெருமுனைக் கடைக்குப் போய் அதே இதழில் இன்னொன்று வாங்கிவந்து கட்டிலருகே நின்றாள்.

“மாமா, அவ பொய் சொல்றா. எழுதினது நான்தான். நீங்க அவகூடச் சிரிக்கிறது எனக்குப் பொறுக்கல.”

அவர் மெல்லத் திரும்பினார். புது இதழைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“நீ… விடை… சொல்லக் கூடாது.”

“சொல்லமாட்டேன் மாமா.”

“அக்காவாவது, வாயை மூடுறதாவது!” என்றபடி சின்னவள் வாசித்தாள். “மாடு கன்னுக்கெல்லாம் மழையில குடையா நின்ன மலை. ஏழு எழுத்து. எனக்குத் தெரியல மாமா.”

“கோ… கோவ…”

பெரியவளுக்கு நாக்கின் நுனியில் நின்றது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கோவர்… த்தனம்!” அவர் சின்னவளை விட்டுவிட்டுப் பெரியவள் பக்கம் திரும்பினார். “சரியா?”

வாயிலிருந்து கையை எடுக்காமலே அவள் வேகவேகமாகத் தலையாட்டினாள்.