இடது முன் டயர்

"எழுபத்தெட்டு," என்றாள் அக்கா. "இல்ல, எழுபத்தொம்பது."

"எந்த டயருக்கா? நாலு இருக்கு."

"இடது முன்னாடி."

தம்பி ஸ்டீயரிங்கை விடாமல் தலையை மட்டும் அசைத்தான். சாப்பாட்டு மேசையின் விளிம்பில் திருகி இறுக்கிய ஸ்டீயரிங் அது. எதிரே திரையில் வெயில் காயும் பந்தயப் பாதை ஓடிக்கொண்டிருந்தது. கீழ்மூலையில் நான்கு சிறு கட்டங்கள், டயருக்கு ஒன்றாக. ஒவ்வொன்றிலும் மேலே டயரின் சூடு, கீழே ரப்பர் இன்னும் எத்தனை சதவீதம் மிச்சம் என்ற கணக்கு. காலையிலிருந்து அந்த எண்கள் அவனுக்கு மங்கலாகத் தெரிந்தன. அதனால்தான் அவளைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லியிருந்தான்.

பதினொரு வருடம் டவுன் பஸ் ஓட்டியவன். இதயம் வீங்கியிருக்கிறது என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். போன வாரம் ஆஸ்பத்திரியில், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தினமும் வந்து போகும் நர்ஸ் இன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "உதடு நீலமாகும். மூச்சு நடுவுல நடுவுல நிக்கும். பயப்படாதீங்க, எனக்கு போன் பண்ணுங்க."

பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போய்விட்டாள். பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் அக்காவுக்குத் தையல் சரிபார்க்கும் வேலை. ஆயிரம் சட்டையில் எங்கோ விட்டுப்போன ஒரு தையலைக் கண்டுபிடித்துவிடுகிற கண். அந்தக் கண் இப்போது அவன் உதட்டை விட்டு நகர மறுத்தது.

"போதும்டா. எறங்கிடு. மிச்சத்த வாத்தியாரே ஓட்டட்டும்."

"நான் எட்டு சுத்து ஓட்டலன்னா அவர் ஓட்டினதும் செல்லாதுக்கா. ரூல் அப்படி. பாவம், மனுஷன் ஒண்ணுக்குக்கூடப் போகாம ஓட்டியிருக்காரு."

"எல்லாம் கேக்குதுடா," என்றது மேசைமேல் இருந்த ஸ்பீக்கர்.

வாத்தியார் வேறு ஊரில் பூகோளம் நடத்துகிறவர். நாலு வருடமாக இந்த ஆன்லைன் கார் பந்தயத்தில் இருவரும் ஒரே அணி; ஒரே காரை மாறி மாறி ஓட்டுவார்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தது கிடையாது.

மூன்றாவது சுற்றில் எண் ஏறத் தொடங்கியது. தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றாறு. அவன் இருமினான். இருமல் நிற்கவில்லை. காலர் எலும்புக்கு மேலே தோல் உள்ளே குழிந்து குழிந்து வந்தது.

"நூத்தி ஒண்ணு!" அவள் கத்திவிட்டாள்.

"தெரியுது. சறுக்குது." வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்த கார் சர்ரென்று தாண்டிப் போனது. "போகட்டும் விடு. டயர் சூடானா வழுக்கும்க்கா. வழுக்கினா இன்னும் சூடாகும். அப்புறம் நம்ம பேச்ச கேக்காது. தொண்ணூத்தஞ்சுக்குள்ள வெச்சுக்கணும்."

தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்று மூன்று. அவளும் மூச்சு விட்டாள். அப்போதுதான் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவன் நகங்களைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் இருந்தன. மடியிலிருந்த போனில் நர்ஸின் நம்பரை எடுத்து, கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

"போன வைக்கா." அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நம்பரப் படி."

எட்டாவது சுற்று முடிந்து காரை ஒதுக்கி நிறுத்தினான். இனி வாத்தியார் கையில் வண்டி. பத்து சுற்று பாக்கி. டயர் மாற்றினால் அரை நிமிஷம் போய்விடும்.

"இடது முன்னாடி எவ்ளோ மிச்சம்க்கா?"

"நாப்பத்தொண்ணு."

"மாத்தாதீங்க வாத்தியாரே."

"பத்து சுத்துடா! நடுரோட்டுல வெடிச்சா?"

"ஒரு சுத்துக்கு மூணு தேயும். சூடு ஏத்தினீங்கன்னா அஞ்சு தேயும். ஏத்தாம ஓட்டுங்க, தாங்கும். அக்கா சொல்லுவா."

"நானா?"

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, மேசைமேல் கிடந்த மைக் வைத்த ஹெட்போனை எடுத்து அவனே அவள் தலையில் மாட்டினான். அவன் விரல்கள் காதோரம் பட்டன. குழாய்த் தண்ணீர்போல் ஜில்லென்று இருந்தன. பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தான்.

"இடது முன்னாடிய விட்டுடாத. ஓட்டுறப்ப அவரு நம்பரப் பாக்க மாட்டாரு, மெதுவா போகச் சொன்னாலும் கேக்க மாட்டாரு. கத்து." சிரிக்கப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

கார் நகர்ந்தது. "சூடு எண்பத்து நாலு, மிச்சம் நாப்பது," என்று அவள் சொல்லத் தொடங்கினாள்.

ஹெட்போன் காதை அடைத்திருந்தது. வாத்தியாரின் மூச்சு கேட்டது, இன்ஜின் கேட்டது, பக்கத்தில் இருந்த தம்பியின் மூச்சு மட்டும் கேட்கவில்லை. அதனால் ஒரு முறை எண்ணையும் ஒரு முறை அவன் சட்டையின் இரண்டாவது பொத்தானையும் பார்த்தாள். பொத்தான் ஏறியது, இறங்கியது. நாலாவது சுற்றில் இறங்கிய பொத்தான் ஏறவில்லை. அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஏழில் ஏறியது. போனைத் தேடினாள். காலடியில் விழுந்து கிடந்தது.

"அக்கா, நம்பர்?"

"தொண்ணூறு. இருபத்தெட்டு."

ஆறாவது சுற்று. பொத்தான் இறங்கியது. ஏழு ஆனது. பத்து ஆனது. பதினைந்து.

"அக்கா? இருக்கீங்களா? எவ்ளோ இப்ப?"

திரையைப் பார்த்தாள். அதைப் பார்ப்பது சுலபமாக இருந்தது. "தொண்ணூத்தொம்பது. மெதுவா போங்க சார்."

"இந்த ஒருத்தன மட்டும் தாண்டிடறேன்."

"நூத்தி மூணு. மெதுவா போங்கன்னு சொல்றேன்ல! காது கேக்கல?"

வாத்தியார் அடங்கிவிட்டார். எண் இறங்கியது. அவள் பக்கவாட்டில் திரும்பவில்லை. திரும்பாதவரைக்கும் ஒன்றும் நடந்துவிடவில்லை. கழுத்து மரக்கட்டையாக விறைத்திருந்தது. தொண்ணூற்றைந்து, பதினெட்டு. தொண்ணூற்று மூன்று, பதினைந்து. நிறுத்தாமல் படித்தாள். கேட்காதபோதும் படித்தாள்.

"முடிஞ்சுது! எவ்ளோ மிச்சம்?"

"ஏழு."

"ஏழா! அப்பவே சொன்னான் பாருங்க! முப்பது டீம்ல ஆறாவது நாம, அக்கா! அவன்கிட்ட குடுங்க, பாவி சொன்னதுதான் சரின்னு நான் என் வாயால சொல்லணும்."

அவள் திரும்பினாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பஸ் ஓட்டிய நாட்களில் மதியச் சாப்பாட்டுக்கு வந்து இதே நாற்காலியில் அவன் தூங்கிப்போவது உண்டு. நெஞ்சில் கை வைத்தாள். எடுக்கவில்லை.

"அக்கா?"

"சார்... அவன் பேச மாட்டேங்கிறான் சார்."

"தூங்கிட்டானா?"

வாத்தியார் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ எதற்கோ சிரித்தார்கள். நாற்காலி கிறீச்சிடும் சத்தம் வந்தது. பிறகு வாத்தியாரின் குரல் தள்ளி எங்கோ கேட்டது. "அத நிறுத்துங்க. நிறுத்துங்கன்னு சொல்றேன்."

டிவி நின்றது. காலடிகள் திரும்பி வந்தன.

"நான் லைன்லயே இருக்கேன்க்கா," என்றார். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. அந்தப் பக்கம் யாரோ ஒரு கதவை மெல்லச் சாத்தினார்கள்.