ஈரத் துண்டும் எதிர்மறைப் பாத்திரமும்

பெற்ற மகளே என்னை வில்லி என்று எழுதுவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எட்டாம் வகுப்புத் தமிழ் ஆசிரியை, வீட்டில் ஒருவரைக் கதாபாத்திரமாக வைத்து ஆராயச் சொல்லியிருந்தார். என் மகராசி என்னைப் பிடித்துக்கொண்டாள். 'எதிர்மறைப் பாத்திரம்' என்று தலைப்புப் போட்டு, நான் திட்டியதையெல்லாம் சான்றாக அடுக்கிவிட்டாள். 'நீ என்ன மகாராணியா?' என்பது பதிலை எதிர்பாராத கேள்வியாம். 'ஆயிரம் தடவை சொல்லிட்டேன்' என்பது மிகைப்படுத்தலாம். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் இதை வாசிக்க வேண்டுமாம். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கும் வருகிறவர்கள். வரவேற்பில் உட்கார்ந்து, வலிக்கவே வலிக்காது என்று நாள் முழுக்கத் தேனொழுகப் பேசுகிறவள் நான். மானம் கப்பலேறிவிடாதா?

கிழித்துப் போடலாம்தான். அதையும் சான்றில் சேர்த்துக்கொள்வாள். குணத்தை மாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அன்று சாயங்காலமே சோதனை. படுக்கைமேல் ஈரத் துண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு, "கண்ணு, நேரம் கெடைக்கும்போது இந்தத் துண்டைக் காயப்போடும்மா" என்றேன். அவள் ஓடிவந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் டிவியைத் தானாகவே அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார். போகிற போக்கில் அவளிடம், "புலி பதுங்குது பாப்பா, ஜாக்கிரதை" என்று கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. விழுந்தும் சிரித்தேன். அந்த வாரம் முழுக்கச் சிரித்ததில் தாடை வலியே வந்துவிட்டது.

கூட்டத்தில் அவள் எழுந்து நின்று வாசித்தாள்.

"இந்தப் பாத்திரம் சில நாளாக இனிமையாகப் பேசுகிறது. இது வாசகரை நடுங்கவைக்கும் உத்தி. அப்பா சரியாகத் தூங்குவதில்லை."

மொத்தக் கூட்டமும் சிரித்தது. மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அவள் விடவில்லை.

"முன்பெல்லாம் திட்டு எப்போது முடியும் என்று தெரியும். சாப்பாடு ஆறுவதற்குள் முடிந்துவிடும். இப்போது ஒன்றும் தெரியவில்லை. எனவே, எதிர்மறைப் பாத்திரம் என்று எழுதியதை அடித்துவிட்டேன். எங்களுக்குப் பழைய அம்மாவே வேண்டும்."

எந்தப் பரீட்சையிலும் தட்டுத்தடுமாறிப் பாஸாகிறவளுக்கு முழு மதிப்பெண். தெருவுக்கு வந்ததும் அவள் காதைப் பிடித்தேன்.

"அதெல்லாம் சரி, அந்தத் துண்டைக் காயப்போட்டியாடி, எருமை?"

இல்லை என்று தலையாட்டிக்கொண்டே சிரித்தாள். அவள் அப்பா நடுத்தெருவில் நின்று, நெஞ்சில் கை வைத்து, "அப்பாடா" என்றார்.