இடது பெடல்

சர்வீஸ் சென்டரில் அவருக்கு 'டாக்டர்' என்று பெயர். மெக்கானிக்குகள் கேலிக்கு வைத்த பெயர்தான். நாளடைவில் மேனேஜரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். வாடிக்கையாளர் காரை நிறுத்திவிட்டு, "திரும்பும்போது டக் டக்குன்னு ஒரு சத்தம் சார்" என்பார். டாக்டர் தலையைச் சாய்த்துக் கேட்பார்.

"முழுசா ஒடிச்சுத் திருப்பும்போது மட்டும்தானே? நேரா போறப்ப இல்லையே? அப்ப அது சி.வி. ஜாயின்ட். இன்ஜின் சக்திய சக்கரத்துக்குக் கொண்டுபோற தண்டு இருக்குல்ல, அதோட முழங்கைன்னு வெச்சுக்குங்க. மடங்கவும் வேணும், சுத்தவும் வேணும். தேய்ஞ்சா இப்படித்தான் புலம்பும்."

வந்தவர் தன் முழங்கையை ஒரு தடவை மடக்கிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்.

நாள் முழுக்க ஊராருக்கு இப்படி விளக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் அவருக்கு வாய் திறக்காது. கல்யாணமான புதிதில் மனைவி காரில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச்னா என்னங்க? அத ஏன் அப்பப்ப மிதிக்கிறீங்க?" என்று கேட்டாள். "தெரிஞ்சு என்ன பண்ணப் போற?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாலையைப் பார்த்தபடி சொன்னார். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காததை அவர் கவனிக்கவுமில்லை.

கவனித்தது, நாற்பதைத் தாண்டி அவள் சைக்கிள் கற்றுக்கொள்ளப் போன பிறகுதான். கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர், ஓட்டத் தெரியாத பெண்களுக்குக் காலையில் வகுப்பு எடுத்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். கீழ் வீட்டில் இருக்கும் டாக்டரின் அக்காதான் தம்பி மனைவியை இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு நாளில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அக்கா நின்றுவிட்டாள். மனைவி நிற்கவில்லை. சொந்தமாக ஒரு சைக்கிளே வாங்கிவிட்டாள்.

"இன்னைக்கு மாஸ்டர் கேசட் பத்திச் சொன்னாரு" என்றாள் ஒரு நாள் சாப்பிடும்போது.

"பாட்டு கேசட்டா?"

"போங்க. பின் சக்கரத்துல பல்சக்கரம் அடுக்கடுக்கா இருக்கே, அந்த அடுக்குக்குப் பேரு." தட்டு, அதன் மேல் கிண்ணம், அதன் மேல் டம்ளர் என்று அடுக்கிக் காட்டினாள். "பெரிய பல்லுல செயின் ஏறினா மேடு லேசா ஏறலாம். சின்னதுல எறங்கினா வேகம். அப்புறம் கேடன்ஸ்னு ஒண்ணு. நிமிஷத்துக்கு எத்தனை சுத்து மிதிக்கிறோம்ங்கிற கணக்கு."

"அதத்தான் நாங்க ஆர்.பி.எம்.னு சொல்றோம்."

"இருக்கும். மாஸ்டர் சொன்னா எனக்குப் புரியுது."

அந்தப் 'புரியுது' சோற்றில் கல் போல அவர் பல்லில் கடிபட்டது.

அக்கா வேறு சும்மா இருக்கவில்லை. படியில் பார்த்தபோது, "என்னடா, உன் வீட்டுக்காரி வாயைத் திறந்தா மாஸ்டர், மூடினா மாஸ்டர்னு இருக்கா? ஆளும் பார்க்க நல்லாத்தான் இருக்கான். உன்ன மாதிரித் தொப்பையெல்லாம் கிடையாது" என்றாள். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அவர் கடைத்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு, அந்தக் கடை முன்னால் மட்டும் காரை இரண்டாவது கியருக்குக் கொண்டுவந்தார். உள்ளே ஒருவன் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். தலை நிறைய முடி. தொப்பை இல்லை. அக்கா ஒருபோதும் பொய் சொல்லமாட்டாள்.

பிறகு அவள் சைக்கிள் கத்த ஆரம்பித்தது. மிதிக்க மிதிக்க, கிறீச், கிறீச். பால்கனியில் நின்றிருந்த டாக்டருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. சத்தம் என்றால் அது அவர் பேட்டை. மனைவி மேலே வந்து கேட்பாள் என்று காத்திருந்தார். கேட்கவில்லை. கடைசியில் அவரே வாய்விட்டுக் கேட்டார்.

"என்ன, வண்டி கத்துது?"

"பாட்டம் பிராக்கெட்டாம். ரெண்டு பெடலையும் சேர்க்கிற அச்சு உக்காந்திருக்கிற இடம். நாளைக்கு ரைடு முடிஞ்சதும் பிரிச்சுப் பார்த்துடலாம்னு மாஸ்டர் சொல்லிட்டாரு."

"கேட்ட உடனே சொல்லிட்டானா?"

"சொல்லிட்டாரு" என்று திருத்தினாள்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. வகுப்புப் பெண்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே ஏரி வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. அவளுக்கு முதல் நீண்ட பயணம். தண்ணீர் பாட்டில், தொப்பி, கால்சட்டையைச் செயினில் சிக்காமல் கட்ட ஒரு ரப்பர் பட்டை, எல்லாவற்றையும் நாற்காலியில் எடுத்து வைத்துவிட்டு, சாயங்காலம் பூராவும் அந்த நாற்காலியைப் பார்த்துப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள்.

அவள் குளிக்கப் போன நேரத்தில் டாக்டர் ஸ்பானரோடு கீழே இறங்கினார். அது பாட்டம் பிராக்கெட் இல்லை, பெடல் என்று மட்டும் காட்டிவிட்டால் போதும். 'உங்க மாஸ்டர் சொன்னது தப்பு' என்ற வாக்கியத்தை மாடிப்படியிலேயே இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வலது பெடல் பேச்சுக்கு மறுபேச்சில்லாமல் கழன்றது. துடைத்து, கிரீஸ் தடவி மாட்டினார். இடது பெடல் அசையவில்லை. துரு பிடித்திருக்கும் என்று எண்ணெய் விட்டார். அசையவில்லை. ஸ்பானர் நுனியில் ஒரு இரும்புப் பைப்பைச் செருகி, நெம்புகோலாக்கி, தம் பிடித்து அழுத்தினார்.

கடக்.

அதற்குப் பிறகு ஸ்பானர் வெண்ணெயில் சுற்றுவது போலச் சுற்றியது. அந்த மென்மை அவருக்குத் தெரியும். மரை போன போல்ட்டின் மென்மை. பெடலோடு அலுமினியத் துருவல் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது.

"மரை கழண்டது சைக்கிளுக்கா, உனக்காடா?" என்று ஜன்னலிலிருந்து அக்கா கேட்டாள். அந்தக் குரலுக்கே மனைவி ஈரத்தலையோடு இறங்கி வந்துவிட்டாள்.

பெடலைப் பார்த்தாள். பைப்பைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் திருகினீங்க?"

"கழட்டுற பக்கம்தான்."

"இடது பெடலுக்கு அது முறுக்குற பக்கம். மத்த மரைக்கெல்லாம் நேர் எதிர். மொத நாள் கிளாஸ்லயே சொன்னாரு."

"இடதுக்கு மட்டும் ஏன்?"

அவள் குனிந்து துருவலைக் கையில் அள்ளினாள். "தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

அவளும் கோபமாகச் சொல்லவில்லை. எங்கேயோ கேட்ட பேச்சாக இருக்கிறதே என்று அவர் யோசித்தார். காரில் சைக்கிளை ஏற்றும்போது நினைவுக்கு வந்துவிட்டது. காது சூடானது.

மாஸ்டர் கடையைச் சாத்தப் போகும் நேரம். பெடலைப் பிடிக்கும் அந்த அலுமினியக் கையை, கிராங்க்கை, விளக்கடியில் தூக்கிப் பிடித்துப் பார்த்து விசில் அடித்தான்.

"நல்ல பலம்! யாரு இது?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள், "தப்பான பக்கம் திருகிட்டோம்" என்றாள் அவள்.

"சார் கார் கம்பெனிதானே? பரவால்ல சார், கார்க்காரங்க எல்லாரும் ஒரு தடவை இதப் பண்ணிடுவாங்க." மாஸ்டர் சிரித்தான். பற்களும் வரிசையாக இருந்தன. பேசிக்கொண்டே வேறு கிராங்க் மாட்டி, பெடலை முறுக்கிக் கொடுத்தான். "சத்தத்த நாளைக்கு ரைடுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்மா, ஓட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது." 'அம்மா' என்று அவன் கூப்பிட்டதை டாக்டர் குறித்துக்கொண்டார். அந்த அளவுக்கு நிம்மதி.

திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது, "நெஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்" என்றார்.

 அவள் இரண்டு கைகளையும் மடியில் பெடல் போலச் சுழற்றினாள். "எல்லா மரையும் போல வெச்சா, இந்தப் பக்கம் மிதிக்க மிதிக்கத் தானாக் கழண்டுடும். நடு ரோட்டுல பெடல் காலோட வந்துடும். அதனால எதிர் மரை."

"அட! பழைய கார் சிலதுல இடது சக்கரத்து நட்டும் இப்படித்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும்..."

"கார்ல எதுக்கு?"

அவர் சொன்னார். விளக்கு பச்சையாகி, பின்னால் ஹாரன் அடித்தது. கிளட்ச்சை மிதித்தபோது, அதைப் பற்றியும் சொன்னார். கேட்காமலே. "ரெண்டு தட்டு. ஒண்ணு இன்ஜினோட சுத்துது, இன்னொண்ணு சக்கரத்தோட. நான் மிதிச்சா கைய விட்டுடும், எடுத்தா பிடிச்சுக்கும்." அவள் அவருடைய இடது காலைப் பார்த்தாள். "இவ்வளவுதானா?" என்றாள்.

விடிந்ததும் தொப்பி, பாட்டில் சகிதம் அவள் கிளம்பினாள். வாசலில் ஒரு வட்டம் அடித்தாள். கிறீச், கிறீச். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவள் பிரேக் பிடித்தாள்.

"நீங்க சொல்லுங்க. இது என்ன சத்தம்?"

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சத்தத்தைப் பற்றி அவரிடம் கேட்கிறாள். விடை தெரிந்திருந்தால் அங்கேயே கொட்டியிருப்பார். தெரியவில்லை. "சீட்ட விட்டு எந்திரிச்சு நின்னு மிதி" என்றார்.

நின்று மிதித்தாள். சத்தம் இல்லை.

"உக்காரு."

கிறீச்.

இருவர் முகத்திலும் ஒரே சமயத்தில் வெளிச்சம் வந்தது. ஆனால் அவள்தான் முந்திக்கொண்டாள். "சீட்டுக்குக் கீழ இருக்கிற தண்டு! அதுக்குக் கிரீஸ் இல்ல! மாஸ்டர் சொன்னது தப்பு!"

அவர் இரவெல்லாம் வைத்திருந்த வாக்கியம். அதை அவளே சொல்லிவிட்டாள். சொன்ன அழகு வேறு, அவர் ஒத்திகை பார்த்த இரண்டு விதத்திலும் இல்லை.

"இருங்க, இத ஒடனே மாஸ்டர்கிட்ட சொல்லணும்!" என்று பெடலில் ஏறி நின்று விரைந்தாள்.

அவன் தப்பும் அவனிடம்தான் போய்ச் சேர வேண்டுமா! டாக்டர் கேட்டுக்கு வெளியே ஓடிவந்தார்.

"யாரு கண்டுபிடிச்சான்னும் சொல்லு!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினார். அக்காவின் ஜன்னல் திறந்தது.

திருப்பத்தில் அவள் ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, திரும்பிப் பார்க்காமலே ஆட்டினாள். வண்டி ஆடவில்லை, அசையவில்லை. ஒற்றைக் கையில் ஓட்ட எப்போது கற்றுக்கொண்டாள்? அதையும் அவன்தான் சொல்லிக்கொடுத்திருப்பான்.