ஒருத்தி மட்டும் நிற்கிற வரிசை

தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நிற்கிறாள், குதிகால் இரண்டும் தரைக்கல்லின் கோட்டின் மேல் அளவெடுத்தாற்போல் பொருந்தியிருக்கின்றன, முன்னால் யாருமில்லை, பின்னாலும் யாருமில்லை, ஆனாலும் அது வரிசைதான், ஒருத்தி மட்டும் நிற்கிற வரிசை, கண்ணை மூடினால் துளசிமணிக்கு அதுதான் தெரிகிறது, குழந்தைகள் நலக் குழு அலுவலகத்தின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிற இந்த நேரத்திலும், தலைக்கு மேலே காற்றாடி கடகடக்கிற சத்தம் பருப்பு கொதிக்கிற சத்தமாக மாறி, இரண்டு வருடத்துக்கு முந்திய அந்த முதல் நாள் ஆவியோடு எழுந்து வருகிறது. தட்டின் விளிம்பில் சிவப்பு நகப்பூச்சால் பதினேழு என்று எழுதியிருக்கிறது, குழந்தைகள் இல்லத்தில் கொடுத்தனுப்பிய தட்டு, இல்லத்தில் அவளுடைய எண். ஏ அம்மிணி, அங்கயே எதுக்கு நிக்கற, உள்ள வா என்று துளசிமணி கூப்பிடுகிறாள், ஆறு வயதுப் பிரகதி கோட்டை விட்டு நகராமல், நான் அம்மா இல்லைங்க, பிரகதி என்கிறாள், கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளை, திருப்பூருக்கு வந்த புதிது, இந்த ஊரில் தொட்டிலில் கிடக்கிற பெண்ணும் அம்மிணிதான், கோலூன்றி நடக்கிறவளும் அம்மிணிதான் என்று அதற்கு எப்படித் தெரியும், அம்மா நீ என்று காதில் விழுந்திருக்கிறது, பயந்துவிட்டது. பெல் அடிக்கலீங்களே, அடிச்சாத்தானே உள்ள வரலாம் என்றாள் மறுபடியும். இந்த ஊட்டுல பெல்லுமில்ல வரிசையுமில்ல கண்ணு என்று எத்தனை சொல்லியும் குதிகால் அசையவில்லை, சரி அப்படியா என்று துளசிமணி தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் அவளுக்குப் பின்னால் நின்றாள், ஐம்பத்தாறு வயதில், முழங்கால் வலியோடு. பிள்ளை திரும்பிப் பார்த்தது, நீங்களும் நின்னா சோறு போடறது யாருங்க. அதத்தான் நானும் பாக்கறேன் என்றாள் துளசிமணி. அப்போது வந்த சிரிப்பு, முன்பல் இல்லாத சிரிப்பு, அது இன்னும் அந்தத் தரைக்கல்லில்தான் கிடக்கிறது, தினமும் கூட்டினாலும் போகாது.

பெற்றவர்களால் இப்போதைக்கு வைத்துக்கொள்ள முடியாத பிள்ளையை வாங்கி வளர்த்து, காலம் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் துளசிமணி ஏற்றுக்கொண்ட வேலை, வளர்ப்புப் பராமரிப்பு என்று காகிதத்தில் பெரிய பெயர், வீட்டில் அதற்குப் பேன் சீப்பு என்று பெயர், தொலைந்த ரப்பர் என்று பெயர், பள்ளிக்கூட வேன் வந்த பிறகு காணாமல் போகிற இடதுகால் ஷூ என்று பெயர். பனியன் கம்பெனியிலிருந்து மூட்டை வரும், கூடத்தில் உட்கார்ந்து துளசிமணி பிசிர் வெட்டுவாள், பிரகதி பக்கத்தில் குப்புறப் படுத்து வாய்ப்பாடு சொல்லுவாள், கத்தரியைத் தொடக் கூடாது, அது ஒன்றுதான் அந்த வீட்டில் சட்டம், தொட்டால் பார்க்கிறவர்கள் சும்மாவா இருப்பார்கள், தொடாதபோதே சும்மா இருக்கவில்லையே, வேலைக்கு ஒரு பொடுசு கெடச்சிருச்சாட்ட இருக்குது என்று மளிகைக்கடையில் பேச்சு. செத்துப்போன புருசனின் அக்கா ருக்குமணி, நங்கையா என்று கூப்பிட வேண்டிய முறை, கேட்டைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள், ஏந்துளசி, ஊராமூட்டுப் புள்ளைக்குப் பேன் பாக்கறதுக்கா எந்தம்பி உனக்கு இந்த ஊட்ட எழுதி வெச்சுட்டுப் போனான். ஆமாங்க நங்கையா, அதுக்கேதான், ஈர் எடுக்க ஒரு கை கொறையுது, வந்து உக்காருங்க என்பாள் துளசிமணி, தலை நிமிராமல். மாதம் ஒருமுறை ஹேமலதா மேடம் வருவாள், சமூகப் பணியாளர், நல்ல பெண்தான், பாவாடை துவைத்திருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு, போகும்போது வாசலில் குரலைத் தாழ்த்துவாள், அம்மான்னு மட்டும் கூப்பிட விடாதீங்கம்மா, பெத்த அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, நாளைக்குத் திரும்பி வருவாங்க, நீங்களும் ரொம்பப் பட்டுக்காம வளக்கணும், போன தடவை நீங்க வளத்த அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் போனப்ப நீங்க ரெண்டு நாள் அடுப்பே பத்த வெக்கல. துளசிமணி சீப்பைக் கையில் எடுத்தாள், தலையத் தொடாம சீப்பு ஓட்டறது எப்படின்னு காட்டுங்க மேடம், கத்துக்கறேன். மேடம் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அம்மா என்று கூப்பிட விடவில்லை, அதில் துளசிமணி கெட்டி, அத்தை என்றும் பழக்கவில்லை, பிள்ளை தானாகவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது, ஒருநாள் குளியலறையிலிருந்து ஒரு சத்தம், அம்மிணி, துண்டு குடு. தெருவே சிரித்தது. பதினெட்டு முழச் சேலை கட்டினவளைப் பார்த்து ஒரு முழம் இருக்கிற பொடுசு அம்மிணி என்கிறதே என்று கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரிக்கட்டும், வீட்டில் இரண்டு அம்மிணி, கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புவார்கள்.

கதவு திறந்தது, பெயரைச் சொன்னார்கள், காற்றாடி மறுபடியும் காற்றாடி ஆயிற்று, துளசிமணி பிரகதியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட குழுத் தலைவி, சன்னலோரம் ஹேமலதா மேடம், இந்தப் பக்கம் அஞ்சுகம், பிரகதியைப் பெற்றவள், காசநோய்க்கு நெடுநாள் மருந்து தின்று எழுந்து வந்து, இப்போது ஒரு நூல்மில்லில் வேலை, கைப்பையை மடியில் வைத்து அதன் மேல் கையை வைத்து, இடத்தை அடைக்கக் கூடாது என்பது போல் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். முந்தின நாள்தான் ருக்குமணி போனில் சொன்னாள், புள்ளைய அழச் சொல்லு, போகமாட்டேன்னு உருளச் சொல்லு, உன்கிட்டயே உட்டுருவாங்க. துளசிமணிக்கு அது தோன்றாமல் இல்லை, பொய் சொல்வானேன், தோன்றியது, அஞ்சுகத்தின் மணிக்கட்டைப் பார்க்கிற வரைக்கும் தோன்றியது, அந்தப் பிள்ளைக்கு இருக்கிற அதே எலும்பு. தலைவி பிரகதியைக் கேட்டாள், இவங்களை என்னன்னு கூப்பிடுவே பாப்பா. அம்மிணின்னு. அம்மாவா, என்றாள் தலைவி, வேறு ஊர்க்காரி, பேனா நின்றது. அஞ்சுகத்தின் கை கைப்பையை இறுக்கியது. இல்லைங்க, அம்மா அவங்க, இவங்க அம்மிணி, நானும் அம்மிணி என்றாள் பிரகதி, இதுகூடத் தெரியாதா என்கிற குரலில். அஞ்சுகம் முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு தலைவி வாசித்தாள், தாய் தங்கியிருக்கிற மில் விடுதியில் குழந்தைக்கு இடமில்லை, வீடு கிடைக்க மூன்று மாதம் ஆகும், வளர்ப்புக்கான உத்தரவு இந்த மாதத்தோடு முடிகிறது, ஆகவே மூன்று மாதத்துக்குக் குழந்தையை மறுபடியும் இல்லத்தில் சேர்த்துவிட்டு, அங்கேயிருந்து தாயிடம். நியாயமாகத்தான் வாசித்தாள், கோபமாக இல்லை. பிரகதியின் குதிகால் இரண்டும் ஒன்று சேர்ந்தன. யாரும் சொல்லவில்லை, தானாகச் சேர்ந்தன, தரையில் கோட்டைத் தேடிப் பொருந்தின, துளசிமணி அதைப் பார்த்தாள், எழுந்துவிட்டாள். வுட மாட்டேனுங்க. உட்காருங்கம்மா என்றாள் தலைவி. உக்கார மாட்டேனுங்க, அவங்கம்மா கேட்டா இப்பவே குடுக்கறேன், துணிமணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டுத்தான் வந்தேன், ஆனா வரிசைக்கு அனுப்ப மாட்டேன், உத்தரவு முடிஞ்சா இன்னும் மூணு மாசத்துக்கு எழுதுங்க, பேனா உங்க கைலதான இருக்குது. குழந்தை மேல ரொம்ப ஒட்டிட்டீங்க, அதுதான் எங்களுக்கு யோசனை என்றாள் தலைவி. ஒட்டிட்டேனுங்க, ஒட்டாம வளத்திருந்தா இந்தப் புள்ள இப்படி வாயெடுத்துப் பேசுமுங்களா, போறப்ப அழுவேன், ரெண்டு நாள் அடுப்புப் பத்த வெக்க மாட்டேன், மூணாம் நாள் இங்க வந்து அடுத்த புள்ளையக் கேப்பேன், அதுகிட்டயும் ஒட்டுவேன். அஞ்சுகம் மெல்ல, அந்த மூணு மாசமும் எம்புள்ளைய நான் பாக்கணுங்க மேடம் என்றாள். துளசிமணி அவள் பக்கம் திரும்பினாள், பாக்கறதென்ன, ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வா அம்மிணி, சோறாக்கறேன். தலைவி கண்ணாடியைக் கழற்றினாள், அப்படிச் சாப்பாட்டுக்கு வர்றதெல்லாம் விதியில இல்லையேம்மா. வரக்கூடாதுன்னு இருக்குதுங்களா. தலைவி காகிதத்தைப் புரட்டினாள், ஹேமலதா மேடம் சன்னலைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள், காற்றாடி கடகடத்தது, கடைசியில் தலைவி, சோறைப் பத்தி நான் எதுவும் எழுத முடியாது, மூணு மாசம் மட்டும் எழுதறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, பருப்பு கொதிக்கிறது, அது பருப்பேதான், அஞ்சுகம் வந்து கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள், சோறுண்ணலாம் வா அம்மிணி என்றதும் பிரகதி உள்ளேயிருந்து, எந்த அம்மிணி என்று கத்தினாள், ரெண்டாவது அம்மிணியா மூணாவதா. பிள்ளை தன் தட்டை, பதினேழை, அம்மா கையில் கொடுத்தாள். கொடுத்ததும் அஞ்சுகம் சமையலறை வாசலில் போய் நின்றாள், ஆஸ்பத்திரியில் நின்ற பழக்கம், மில் விடுதியில் நிற்கிற பழக்கம், குதிகால் இரண்டும் அதே தரைக்கல்லின் அதே கோட்டில், தட்டு மார்போடு, துளசிமணி கரண்டியைக் கீழே வைப்பதற்குள் பிரகதி வேறொரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து தன் அம்மாவுக்குப் பின்னால் நின்றுவிட்டாள், இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, விட்டேனா பார் என்கிற மாதிரி. துளசிமணி மட்டும் என்ன தாழ்ந்தவளா, அலமாரியிலிருந்து பெரிய தட்டாக ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்றாவதாக நின்றாள். அப்போதுதான் கேட் கிரீச்சிட்டது, ருக்குமணி, செருப்பைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்து, இதென்ன கூத்து, மூணு பேரும் தட்டத் தூக்கிட்டு என்றாள். நங்கையா, முந்தப்படாது, எனக்குப் பின்னால வாங்க என்றாள் துளசிமணி திரும்பாமல். ருக்குமணி செருப்பைக் கழற்றினாள், நாலு பேரும் நின்னா சோறு போடறது ஆருடி. வரிசையின் நடுவிலிருந்து, புதிதாக முளைத்த முன்பல்லெல்லாம் தெரிய, பிரகதிதான் பதில் சொன்னாள், அதத்தான் நாங்களும் பாக்கறோம்.