கட்டைவிரல் போட்டோ

போட்டோ வாங்கக் கிளம்புவதற்கு என் வீட்டுக்காரர் ரிஸ்வான் சட்டையை இஸ்திரி போட்டார். போட்டோ எடுக்கப் போகவில்லை, எடுத்ததை வாங்கத்தான் போகிறோம். அதற்கு எதற்கு இஸ்திரி? கேட்டால் சண்டை வரும் என்று வாயை மூடிக்கொண்டேன். தியோமான் தீவிலிருந்து திரும்பியதிலிருந்து எனக்கு எதைப் பார்த்தாலும் சண்டை பிடிக்கத்தான் தோன்றியது. பாத்திரம் தேய்த்தால் பாத்திரத்தோடு, லிஃப்ட் வர நேரமானால் லிஃப்டோடு.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பிளாஸ்டிக் டப்பா. தண்ணீருக்குள் கொண்டுபோகிற, ஒரு தடவை உபயோகித்துவிட்டு அப்படியே கடையில் கொடுத்துவிடுகிற ஃபிலிம் கேமரா. ஃபோனைக் கடலில் இறக்க அவருக்கு மனசு வரவில்லை. துவாஸில் அவருடைய ஆபீஸில் யாரோ, "ஃபிலிம்ல எடுத்தா கலரே தனி லா" என்று ஏற்றிவிட்டார்கள். வாங்கிவந்துவிட்டார். ஒவ்வொரு படத்துக்கும் பின்னாலிருக்கும் சக்கரத்தைத் திருக வேண்டும். எடுத்ததைப் பார்க்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. கழுவி வரும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

தியோமானில், படகிலேயே முக்குளிப்புப் பயிற்சியாளர் சைகைகளைச் சொல்லிக்கொடுத்தார். கடலுக்கடியில் பேச முடியாது, கைதான் வாய். எல்லாம் சரி என்றால் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து வட்டம் போட வேண்டும். மேலே போக வேண்டுமென்றால் கட்டைவிரலைத் தூக்க வேண்டும். நான் பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி கேட்டுக்கொண்டேன். ரிஸ்வான் அந்த நேரத்தில் கேமரா டப்பாவின் மேல் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார்.

காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினோம். ஆழம் அதிகமில்லை. கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு என் முகத்தை மூடியிருந்த கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது, மூக்கில் உப்பு ஏறியது. வாயில் காற்று வந்துகொண்டுதான் இருந்தது. இருந்தாலும் செத்துப்போய்விடுவேன் என்றே நினைத்தேன். பயிற்சியாளர் வேறொரு பெண்ணின் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். எனக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில், ரிஸ்வான் இருந்தார். கட்டைவிரலைத் தூக்கினேன். அவர் டப்பாவைத் தூக்கிப் படம் எடுத்தார். இன்னும் உயரமாகத் தூக்கினேன். அவரும் பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஒரு மீனுக்குப் பின்னால் போய்விட்டார்.

அந்தக் கதையை அவர் படகிலேயே தொடங்கிவிட்டார். "நஸீக்கு ஒரே ஹாப்பி! தண்ணிக்குள்ளயே சூப்பர்னு காட்டுறா!" படகுத்துறையில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார், செம்பவாங்கில் அவருடைய உம்மா வீட்டில் சோறு தின்றுகொண்டே சொன்னார். என் மாமி மைமூன் அதைக் கேட்டு, "பொம்பளப் புள்ளைக்குத் தண்ணிக்குள்ள என்ன வேலை?" என்றதோடு முடித்துக்கொண்டு, நான் கொண்டுபோன புளியாணத்தில் புளி கூடிவிட்டது என்று ஆரம்பித்துவிட்டார். மாமிக்கு என் சமையலில் குறை சொல்லாவிட்டால் சோறு இறங்காது.

அன்று வீடு திரும்பும்போது சொல்லிவிட்டேன். "அது சூப்பர் இல்ல மச்சான். மேல கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன். பயந்துட்டேன்."

அவர் சிரித்தார். "பயந்தவ மாதிரியா இருந்தே? சும்மா கத விடாத. போட்டோ வரட்டும், பாப்போம்."

"வரட்டும்," என்றேன் நானும்.

வீம்புக்குச் சொல்லிவிட்டேனே தவிர, அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. படத்தில் நான் சிரிப்பதுபோல் இருந்தால்? வாயில் காற்றுக்குழாய் ரப்பரைக் கவ்விக்கொண்டால் யாருக்கும் கன்னம் உப்பி இளிப்பதுபோல்தான் தெரியும். அப்படியென்றால் ஆயுசுக்கும் நான் பொய்க்காரி. சரி, பயந்தது தெரிந்தால்? அப்போது அவர் என் முகத்தைப் பார்த்தும் படம் எடுத்துவிட்டுப் போனவர். அது இன்னும் மோசம். எது வந்தாலும் இவரோடு பொங்கோல் வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போவேன் என்று புரியவில்லை.

கடைக்குப் போகும் ரயிலில் இடம் காலியாக இருந்தும் என்னால் உட்கார முடியவில்லை. கதவோரம் நின்றேன், கம்பியைப் பிடித்தேன், விட்டேன். "உக்காரு லா, என்ன அவசரம்?" என்றார். அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஃபோனில் பந்து விளையாட்டுப் பார்த்தார்.

லிட்டில் இந்தியாவில் இறங்கி, பூக்கடைக் கூட்டத்தை இடித்துக்கொண்டு வீராசாமி ரோட்டுப் பக்கம் நடந்தோம். போட்டோக் கடை மாடியில். கவுண்டரில் இருந்த பெண் கவரை நீட்டினாள். நான் கை நீட்டுவதற்குள் அவர் வாங்கிவிட்டார். படிக்கட்டிலேயே நின்று ஒவ்வொன்றாகப் புரட்டினார். பாதிக்கு மேல் வெறும் நீலம். ஒன்றில் மீன் வால், ஒன்றில் அவருடைய சொந்த விரல். எனக்குக் கழுத்து வியர்த்தது. சீக்கிரம் புரட்டினால் என்ன இவருக்கு?

வந்தது. படத்தின் நடுவில் என் கட்டைவிரல் பெரிதாக நின்றது. அதற்குப் பின்னால், பாதி தண்ணீர் நிறைந்த கண்ணாடிக்குள், என் கண்கள். நான் அதற்கு மேல் பார்க்கவில்லை. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்தியா! நான் சொன்னேன்ல!" என்று கத்தினார் ரிஸ்வான். "என்னா க்ளியரா இருக்கு விரலு!"

போட்டோவை ஃபோனில் படம் எடுத்து உடனே குடும்ப குரூப்பில் போட்டார். ஃபோன் டிங் டிங் என்றது. அவர் தம்பி ரய்யான் ஒரு கட்டைவிரல் போட்டான். தங்கை யும்னா மூன்று போட்டாள். ஜொகூர் சாச்சா ஒன்று. நான் சாகக் கிடந்ததற்குக் குடும்பமே லைக் போட்டது. எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

பிறகு ஃபோன் அடித்தது. மாமிதான். அவருக்கு இந்தக் கட்டைவிரல் போடுவதெல்லாம் வராது, எதற்கும் கூப்பிட்டுத்தான் பேசுவார். ரிஸ்வான் ஸ்பீக்கரில் போட்டார்.

"உம்மா, படம் எப்படி?"

"ஏன்டா, அந்தப் புள்ள மேல தூக்கிவிடச் சொல்லுது. நீ என்னடா படம் புடிச்சிக்கிட்டு நிக்கிறே?"

"அய்யோ உம்மா, அது லைக். நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"என்ன லைக்கோ! வெரல மேலல்ல காட்டுது? கண்ணப் பாருடா, முழி பிதுங்கி நிக்குது. பக்கத்துல இருக்காளா? ஃபோன அவகிட்ட குடு."

அவர் ஃபோனைக் கொடுக்கவில்லை. போட்டோவை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். மாமி ஸ்பீக்கரில் "ஹலோ, ஹலோ" என்றார். படியேறி வந்த ஒருவர் எங்களைத் தாண்டிப் போகத் தடுமாறினார், நான்தான் ஒதுங்கி வழிவிட்டேன். ரிஸ்வான் அசையவில்லை. படத்திலிருந்த என் கண்களையே பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நஸீ," என்றார். "அப்ப நீ எப்படி மேல வந்தே?"

ஊர் திரும்பி இத்தனை நாளில் அவர் இதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"கால உதைச்சி," என்றேன். "நானாத்தான் வந்தேன்."