எண்ணூர் ஓட்டலில் அண்ணாச்சி

ஐப்பசி மாதத்து அடைமழையில் எண்ணூர்க் கடற்கரை ஓட்டலுக்கு விருந்தினர் எவரும் வருவதில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் பன்னிரண்டு அறைகளும் நிரம்பி வழியும் அவ்விடுதி, மழை பிடித்தவுடன் அறைகளைப் பூட்டிக்கொண்டு, நாற்காலிகளை மேசைகளின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஒரே ஓர் ஊழியரின் காவலில் உறங்கத் தொடங்கிவிடும். அவ்வூழியரின் பெயர் லியோனார்ட். சமையல், பெருக்கல், காவல் ஆகிய மூன்றும் அவர் பொறுப்பே. வெள்ளைக்காரர்கள் கப்பலேறி ஐந்தாண்டுகள் கடந்த பின்பும், அவர்கள் கோலால் பந்தடித்து விளையாடிய பச்சைத் துணி மேசையை அவர் அகற்றவில்லை. அதன்மேல் இப்போது வெங்காயம் பரப்பி உலர்த்தியிருந்தார்.

அத்தகைய மழைநாள் ஒன்றில், இராயபுரத்து மளிகைக் கடைக்காரர் வெள்ளத்துரையும் அவருடைய மனைவி செல்லக்கனியும் ஒரு டிரங்குப் பெட்டியுடன் ரயிலிலிருந்து இறங்கி அங்கு வந்து சேர்ந்தார்கள்.

உல்லாசத்திற்காக அவர்கள் வரவில்லை. பத்து நாட்களுக்கு முன் துவரம்பருப்பு மூட்டையைத் தூக்கிய வெள்ளத்துரை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூட்டையின் மேலேயே சாய்ந்துவிட்டார். பரிசோதித்த டாக்டர் செல்லக்கனியைத் தனியே அழைத்து, "இருபது நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாதும்மா. மீறினா, அடுத்த தடவை என்னைக் கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை" என்று கூறிவிட்டார். ஆனால் அவர்களுடைய வீடோ கடையின் பின்கட்டு. "அண்ணாச்சி, ஒரு படி உளுந்து" என்று தெருவில் ஒரு குரல் கேட்டால், சுடுகாட்டிலிருந்தும் எழுந்து வரக்கூடியவர் அவர். ஆதலால் குரல் எட்டாத ஓரிடம் தேவைப்பட்டது. கடையின் நெடுநாள் வாடிக்கைக்காரரான லியோனார்ட் தம் ஓட்டலில் ஓர் அறையைத் திறந்துவிட்டார். கடையை வெள்ளத்துரையின் தம்பி அய்யாத்துரை ஏற்றுக்கொண்டான்.

வந்த மறுநாள் காலை தேநீருடன் வந்த லியோனார்ட், இருவரும் தரையில் பாய் விரித்திருப்பதைக் கண்டு திகைத்தார்.

"இன்னா அண்ணாச்சி, தொரைங்க படுத்த ஸ்பிரிங் கட்டிலு சும்மா கீது, நீ தரையில படுத்துகினு கீறே?"

"அது ஆளைத் தூக்கித் தூக்கிப் போடுதுய்யா. மாட்டு வண்டியில போற மாதிரி இருக்கு."

அன்று நண்பகலில் செல்லக்கனியின் வாழ்வில் ஒரு புதுமை நிகழ்ந்தது. பத்தொன்பது ஆண்டு இல்லறத்தில் முதன்முறையாகக் கணவர் அவளுக்கு எதிரே அமர்ந்து உண்டார். வழக்கப்படி நான்கே வாயில் சோற்றை முடித்தவர், எழுந்து ஓடுவதற்குக் கடை இல்லாமையால், அவள் உண்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நாணத்தால் கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அங்கிட்டுப் பாருங்க" என்றாள்.

"அங்க என்ன இருக்கு? மழைதான் பெய்யுது."

இவ்வாறு மூன்று நாட்கள் இனிதே கழிந்தன. நான்காம் நாள் அந்தி வேளையில் குப்பத்திலிருந்து முத்தம்மா என்னும் மீனவப் பெண் நனைந்தபடி சமையற்கட்டு வாசலுக்கு வந்தாள்.

"நைனா, கொயந்த வயித்து வலில துடிக்குது. கொஞ்சம் ஓமம் கீதா?"

"இல்ல, போ" என்றார் லியோனார்ட்.

அறையில் படுத்திருந்த வெள்ளத்துரை, தேள் கொட்டியவரைப்போல் எழுந்து வந்துவிட்டார். தென்னாட்டிலிருந்து வந்து கடை வைத்தவர்கள் வாடிக்கைக்காரரிடம் 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். சரக்கு தீர்ந்திருந்தால், "நாளைக்கு வந்துரும்" என்பார்கள். 'இல்லை' என்ற சொல் ஒருமுறை வாயில் வந்துவிட்டால் கடையில் இருப்பது எல்லாம் இல்லாமற் போகும் என்பது அவர்களுடைய அசையாத நம்பிக்கை.

"யோவ், விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சுப் பேசுதீரு!"

"அட, இது ஓட்டலு அண்ணாச்சி, உன் கடையா?"

வெள்ளத்துரை சரக்கறைக்குள் நுழைந்து, பின்வரிசை டப்பாக்களைத் துழாவி, ஓமத்தைக் கண்டெடுத்து முத்தம்மாவின் முந்தானையில் போட்டார். அவர் முகத்தில் அப்போது தோன்றிய ஒளியைக் கண்ட செல்லக்கனி, இனி இவர் படுக்கையில் தங்கமாட்டார் என்று அஞ்சினாள்.

அவள் அஞ்சியபடியே ஆயிற்று. மறுநாள் கண் விழித்தபோது பாயில் அவர் இல்லை. சரக்கறையில் டப்பாக்கள் வரிசைப்படி அடுக்கப்பட்டிருந்தன. கோதுமை மூட்டை மூலை மாறியிருந்தது. வாசலில் குப்பத்துப் பெண்கள் நால்வர் கிண்ணங்களுடன் நின்றார்கள். வெள்ளத்துரை ஒரு கையால் சீரகத்தை அள்ளிக்கொண்டே, மறு கையால் கதவு நிலையைப் பற்றியிருந்தார். நெற்றி வியர்த்து வழிந்தது.

"நான் இன்னா பண்றது தங்கச்சி? சொன்னா கேக்குறாரா உன் ஊட்டுக்காரரு?" என்று லியோனார்ட் கையை விரித்தார்.

அவள் கணவரை அறைக்கு அழைத்துச் சென்றாள்.

"நெஞ்சு வலிக்கா?"

"நாளைக்குச் சரியாப் போவும். ஏட்டி, நாளைக் காலை வண்டிக்கே கிளம்பிருவோம். தீவாளிச் சரக்கு வந்து இறங்கும். அய்யாத்துரை ஒத்தையில என்ன செய்வான்?"

"டாக்டர் இருபது நாள்னு சொன்னாவளே?"

"பாத்துக்கிடலாம்."

பெட்டியைக் கட்டும்படி கூறிவிட்டு அவர் சுவரில் சாய்ந்து கண்களை மூடினார். செல்லக்கனி அவரை நெடுநேரம் நோக்கினாள். சங்கிலி கேட்டபோதும், திருச்செந்தூர் போகக் கேட்டபோதும் அவர் மறுத்ததே இல்லை. "நாளைக்கு" என்றே கூறினார். கடைக்கு வருபவர்களை அனுப்பி வைக்கும் அதே அன்பான சொல்லால் தன்னையும் பத்தொன்பது ஆண்டுகளாக அனுப்பி வைத்திருக்கிறார் என்பது அவளுக்கு அன்றுதான் விளங்கியது. இப்போது தம் நெஞ்சுக்கும் அதே சொல்லைக் கூறிக்கொண்டிருக்கிறார். நாளை அவர் ரயிலேறினால் மூட்டை தூக்குவார். மூட்டை தூக்கினால், அதன் பின் அவளுக்கு எவரும் இல்லை.

ஆறாம் நாள் விடியலிலும் அவர் சரக்கறைக்கே சென்றார். ரயிலேறுவதற்கு முன் மிச்ச டப்பாக்களையும் ஒழுங்கு செய்துவிட வேண்டுமாம். சரக்கறைக்கும் உணவுக்கூடத்துக்கும் இடையே தட்டுகளை நீட்டுவதற்கான சன்னல் ஒன்று உண்டு. செல்லக்கனி அச்சன்னலுக்கு வெளியே போய் நின்று பலகையைத் தட்டினாள். அண்ணாச்சி என்று அழைக்க நா எழவில்லை. கட்டிய கணவரை அண்ணன் என்பது எப்படி?

"கடைக்காரரே!" என்றாள்.

வெள்ளத்துரை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "என்னட்டி விளையாட்டு? வண்டிக்கு நேரமாவுது."

"கடைக்கு வந்த ஆளுக்குப் பதில் சொல்லுங்க. மூட்டை தூக்கத் தெம்பு இருக்கா?"

"எல்லாம் நாளைக்கு..."

"நாளைக்கு வந்து நான் யார்கிட்டக் கேக்க? உள்ள நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க. இருக்கா?"

அடுப்பண்டை நின்ற லியோனார்ட் கஞ்சியைக் கிளறுவதை நிறுத்தினார். வெள்ளத்துரை தம் இரு கைகளையும் புரட்டிப் பார்த்தார்.

"இல்லட்டி" என்றார் மெதுவாக.

அவள் பலகையை ஒட்டி இன்னும் அருகே வந்தாள்.

"உள்ள ஒண்ணுமே இல்ல, கனி. நேத்து அந்த மூட்டையை நகட்டுனதுல கண்ணு இருட்டிட்டு. உன்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு. சொல்லிட்டா நெசமாயிரும்லா?"

அவள் சன்னல் வழியே கையை நீட்டி, சீரக மணம் வீசிய அவ்விரல்களை இறுகப் பற்றிக்கொண்டாள். அவளுக்கு அழுகையும் வந்தது, ஆறுதலும் வந்தது. பத்தொன்பது ஆண்டுகளில் அவர் அவளிடம் மறைக்காமல் கூறிய முதல் விடை அது.

"ரெண்டு பேரும் இன்னா, சன்னல்லயே குடும்பம் நடத்திகினு கீறீங்க? கஞ்சி ஆறுது, வாங்க" என்றார் லியோனார்ட்.

கஞ்சி குடித்தபின் அய்யாத்துரைக்குக் கடிதம் எழுதினார்கள். எந்தச் சரக்கை எங்கே இறக்குவது, எவரை நம்புவது, எலிப்பொறியை எங்கே வைப்பது என்று வெள்ளத்துரை சொல்லிக்கொண்டே போனார். செல்லக்கனி அனைத்துக்கும் தலையசைத்தாள். ஆனால் அவள் எழுதியவை இரண்டே வரிகள்: 'அண்ணன் தீபாவளிக்கு வரமாட்டார்கள். கடையை நீயே பார்த்துக்கொள்.' எழுத்துக்கூட்டிப் படித்த வெள்ளத்துரை, சற்றுத் தயங்கி, கீழே தாமே கையெழுத்திட்டார்.

லியோனார்ட் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, தலைமேல் சாக்கைக் கவிழ்த்தபடி மழையில் இறங்கி, அதை ரயிலில் கொடுத்தனுப்ப நிலையத்திற்கு நடந்தார்.

வெள்ளத்துரை பாயில் படுத்தார். வெளியே மழைக்கிடையிலும் பகல் வெளிச்சம்.

"ஏட்டி, பகல்ல எப்படித் தூங்குதது?"

"கண்ணை மூடுங்க. அது தானா வரும்."

அவர் கண்களை மூடினார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, அவள் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு, மீண்டும் மூடிக்கொண்டார்.