சேராத இரண்டு மைனஸ்

என் மச்சான் எனக்கு வைத்த பெயர் திருப்புளி. பெரிய படிப்புப் படித்தவன், பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் அக்கா புருஷனை வேறு எப்படிக் கூப்பிடுவான்? சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில், "திருப்புளி அத்தான் வந்தாச்சு, கழண்டதெல்லாம் எடுத்துட்டு வாங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆறு வருஷமாக அந்தச் சிரிப்பு எனக்குச் செரிக்கவில்லை.

வேலை போய்ப் பதினாலு மாதமாக அவன் என் வீட்டில்தான் இருக்கிறான். சாப்பாட்டு மேசையில் பாதி அவனுடைய ரோபோவுக்கு. தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓடும் சின்ன வண்டி அது. அன்று பதினோரு மணிக்கு ஒரு கிடங்குக் கம்பெனியில் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் வேலை. ஒன்பதரை மணி ஆகியும் அது அசைய மறுத்தது.

"புரோகிராமை நாலு தடவ மாத்தி எழுதிட்டேன். போர்டுல லைட்டு எரியுது, மோட்டார் மட்டும் சுத்த மாட்டேங்குது. கொஞ்சம் பாக்குறீங்களா அத்தான்?"

வெறும் அத்தான். திருப்புளியைக் காணோம்.

மீட்டரோடு உட்கார்ந்தேன். போர்டுக்கு ஒரு பேட்டரி, மோட்டாருக்கு இன்னொன்று. இரண்டின் மைனஸையும் ஒரு கம்பியால் சேர்க்காவிட்டால் போர்டு சொல்வது மோட்டாருக்கு எட்டாது. என் கடைக்கு முதல் நாள் வருகிறவனுக்கே நான் சொல்லித் தருவது இதைத்தான். மீட்டரின் முனைகளை இரண்டு மைனஸிலும் வைத்தேன். சேர்ந்திருந்தால் கத்தும். கத்தவில்லை. விரல் நீளக் கம்பி, அரை நிமிஷ வேலை.

நகத்தைக் கடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவமாகத்தான் இருந்தது. இருந்தும் சொன்னேன்.

"போர்டு போச்சு மாப்ள. சிப்பு வெந்துடுச்சு."

"லைட்டு எரியுதே அத்தான்?"

"பல்லைக் காட்டுறவன் எல்லாம் நல்லாவா இருக்கான்?"

கம்பெனிக்குப் போன் போட்டு ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டான். கிடைக்கவில்லை. மூன்று தடவை "சரிங்க சார்" என்றான். பிறகு வண்டியை அள்ளிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். என் வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன்.

சமையலறை வாசலில் தட்டைத் துடைத்துக்கொண்டு என் மனைவி நின்றாள். கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து சால்டரிங் செய்தவள்.

"ரெண்டு மைனஸும் சேரல" என்றாள். "நேத்தே பாத்தேன்."

"பாத்தவ சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"நீங்க சொல்லி ஓடட்டும்னு இருந்தேன். அப்புறமாவது உங்களுக்கு மரியாதை குடுப்பான்னு நெனச்சேன்."

நான் மீட்டரின் வயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"நீங்க பாக்கலையா? இல்ல, பாத்துட்டுத்தான் சொன்னீங்களா?"

"பாக்கல" என்றேன். இருபது வருஷத் தொழிலை ஒரே வார்த்தையில் குழிதோண்டிப் புதைத்தேன்.

அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மேசையிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்துக்கொண்டு தம்பியின் அறைக்குள் போனாள்.

"போர்டு நல்லாத்தான்டா இருக்கு. அத்தானுக்குத் தெரியலையாம்."

சற்று நேரத்தில் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டது.

"அவருக்கு என்னக்கா தெரியும், பாவம்" என்றான் மச்சான்.